பழைய ஸ்போர்ட்ஸ் காரும் அதன் நடையும்

மாத்தளையையும் கலேவெலையையும் இணைக்கும் பாதையில் உள்ள வஹகோட்டை, புனித அந்தோனியார் ஆலயத்தால் பெயர் பெற்ற ஊர். போர்த்துக்கேயர் வழிவந்தோர் என்று சொல்லப்படும் கத்தோலிக்கக் குடும்பங்கள் கண்டியரசர் காலந்தொட்டு அங்கே வாழ்ந்து வருகின்றன. திருவிழாக் காலத்தில் அப்பாதை நெடுகிலும் யாத்திரிகர் நடந்து செல்வர். மற்றைய நாட்களில் பள்ளிப் பிள்ளைகளும் சைக்கிளில் செல்வோரும் பாதையின் ஓரத்தையே நம்பிப் போவர்.

அந்தப் பாதையில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வருவதாகக் கொள்க. சாரதி ஸ்டியரிங்கை நேராகத்தான் பிடித்திருக்கிறார். வண்டியோ இடப்புறமாக ஒதுங்குகிறது. வளைவிலே முன்பக்கம் திரும்பியபின், பின்பக்கம் ஒரு கணம் தாமதித்தே திரும்புகிறது. பள்ளத்தில் விழுந்து எழுந்தால் மூன்று நான்கு முறை குதித்த பின்னரே அடங்குகிறது. “வண்டிக்கு வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று சாரதி தமக்குத் தாமே ஆறுதல் சொல்லிக்கொள்கிறார். ஆபத்து தொடங்குவது அந்த ஆறுதலிலேதான். இடப்புறம் ஒதுங்கும் வண்டி எங்கே போகும்? நடந்து செல்பவர் இருக்கும் ஓரத்துக்கே போகும்.

இலங்கையில் பழைய வண்டிகள் நெடுங்காலம் ஓடுவதற்குக் காரணம் உண்டு. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் வாகன இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. அண்மையிலும், 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதிக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. ஆதலால் இருப்பதைப் பேணுவது இந்நாட்டவரின் பழக்கமாயிற்று. மொரிஸ் மைனர் வண்டிக்கான உதிரிப் பாகங்களை இங்கேயே செய்து, அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பிய பெருமையும் இந்நாட்டுத் தொழிலாளர்க்கு உண்டு.

ஸ்போர்ட்ஸ் கார் வகையில் எம்.ஜி.பி. என்னும் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1962ஆம் ஆண்டு முதல் 1980ஆம் ஆண்டு வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 5 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் இவ்வகையில் செய்யப்பட்டன. அதன் முன்சக்கரங்களைத் தாங்கும் அமைப்புக்கு ஒரு வமிச வரலாறு உண்டு. அலெக் இசிகோனிஸ், ஜாக் டானியல்ஸ் என்னும் இருவர் வகுத்த அமைப்பு முதலில் 1947ஆம் ஆண்டின் எம்.ஜி. ‘வை’ வகை வண்டியில் இடம்பெற்றது. அங்கிருந்து 1950இல் ‘டி.டி.’ வண்டிக்கும், 1955இல் எம்.ஜி.ஏ. வண்டிக்கும், பின்னர் எம்.ஜி.பி.க்கும் வந்தது. 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனரை வகுத்தவரும் அதே இசிகோனிஸே. இரண்டிலும் ஸ்பிரிங் வேறு வகையாயினும், அதிர்வு தாங்கியின் கையே சக்கரத்தின் மேற்புறத்தைப் பிடித்திருக்கும் முறை ஒன்றேயாகும். மொரிஸ் மைனரைத் திருத்திப் பழகிய கிராமத்துப் பாஸ் ஒருவருக்கு எம்.ஜி.பி. முற்றிலும் அந்நியமான வண்டி அன்று.

இனி, நோய் அறியும் முறைக்கு வருவோர் முதலில் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். ஒரு வண்டியின் குறைகள் யாவும் முதுமையால் வந்தவை அல்ல. சில பிறவிக் குறைகள். 1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டுச் சட்டங்களுக்கு இணங்க எம்.ஜி.பி.யின் உயரம் கூட்டப்பட்டது. அதே காலத்தில், வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் முன்பக்கத் தண்டும் சில வண்டிகளில் நீக்கப்பட்டது. வண்டிகள் அதிகமாகச் சாய்ந்தன. சில ஆண்டுகளுக்குள் முன்னும் பின்னும் தண்டுகள் பொருத்தப்பட்டே அக்குறை குறைக்கப்பட்டது. அந்த இடைக்காலத்து வண்டியை வைத்திருப்பவர், அது வளைவில் சாய்வதைக் கண்டு புதிய ஸ்பிரிங் வாங்கினால் பணந்தான் விரயமாகும். வண்டி பிறந்த ஆண்டை அறியாமல் அதன் நோயை அறிய முடியாது.

அடுத்த விதி, செலவு குறைந்ததில் தொடங்குவது. மனிதர் பெரும்பாலும் இதற்கு மாறாகவே நடக்கின்றனர். வண்டி ஆடினால் உடனே கடல் கடந்து பாகங்களை வரவழைக்கின்றனர். ஆறு வாரம் காத்திருந்து அவற்றைப் பூட்டியபின் பார்த்தால், டயரில் காற்றுக் குறைவே ஆட்டத்துக்குக் காரணமாயிருந்தது தெரியவரும்.

ஆகவே முதலிற் பார்க்க வேண்டியது டயர். காற்றை அளப்பது காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 1518 என்று இருந்தால், அது 2018ஆம் ஆண்டின் 15ஆம் வாரத்திற் செய்யப்பட்டது. ஆண்டுக்குச் சில நூறு மைல் மட்டுமே ஓடும் ஸ்போர்ட்ஸ் காரின் டயர் தேய்வதில்லை. ஆனால் அதன் இறப்பர் வெயிலாலும் காலத்தாலும் இறுகிப்போகிறது. மேலே பார்த்தால் புதிது போலத் தோன்றும்; மழை பெய்த பாதையிலே பிடிக்காது. தேய்ந்த டயரோ தானே பேசும். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று நெடுநாள் குறைவாயிருந்தது; நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று மிகுதியாயிருந்தது; ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரம் நேராக நிற்கவில்லை.

வண்டி இடப்புறம் இழுப்பதை இப்போது ஆராயலாம். பாதைகள் மழைநீர் வடிவதற்காக நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிவாகவே அமைக்கப்படுகின்றன. ஆகவே சிறிது இடப்புறம் சாய்வது பாதையின் குணமாகவும் இருக்கலாம். சமதரையிலும் அது இழுக்கிறதா என்று முதலிற் பார்க்க வேண்டும். இழுக்கிறதாயின், முன்சக்கரங்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் பூட்டி ஓட்டுக. இழுப்பு வலப்புறம் மாறினால் குற்றம் டயரிலேயே இருக்கிறது. மாறாவிட்டால், பிறேக்கை அதிகம் மிதியாமல் சில மைல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டு சென்று சூட்டை உணர்க. ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிறேக் விடாமற் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவ்விரு சோதனைகளுக்கும் ஒரு ரூபாவேனும் செலவில்லை.

அதன் பின்னர் சக்கரத்தை அசைத்துப் பார்க்கும் சோதனை. வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்குகட்டைகளின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே புகுவது உயிரோடு விளையாடுவதாகும். முன்சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து உள்ளும் புறமுமாக அசைக்கும்போது ஆட்டம் தெரிகிறது என்று கொள்க. குற்றம் சக்கரத்தின் பெயாரிங்கிலா, சக்கரம் திரும்பும் அச்சாகிய கிங் பின்னிலா? இன்னொருவரைப் பிறேக்கை அழுத்தச் சொல்லி மறுபடியும் அசைக்க வேண்டும். ஆட்டம் மறைந்தால் குற்றம் பெயாரிங்கில். மறையாமல் நின்றால் கிங் பின்னில். இடமும் வலமுமாகக் கை வைத்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஸ்டியரிங் மூட்டுகளைப் பார்க்க வேண்டும்.

கிங் பின் கெடுவதற்குப் பெருங்காரணம் கிறீஸ் இன்மையே. 3,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் இட வேண்டும் என்பது இவ்வண்டிக்கு வகுத்த விதி. சக்கரம் நிலத்தைவிட்டு உயர்ந்திருக்கும்போது கிறீஸ் இடுவது நன்று. வண்டியின் பாரம் அழுத்திக்கொண்டிருக்கையில் இட்டால், கிறீஸ் சேரவேண்டிய இடத்துக்குச் சேராது. ஸ்டியரிங் பாரமாயிருக்கிறது, திருப்பியபின் தானே நேராக வருவதில்லை என்று முறையிடுவோர் பலருக்கு அரை மணி நேர கிறீஸ் வேலையே மருந்தாகிவிடும்.

பள்ளத்தில் விழுந்து எழுந்த வண்டி குதிப்பது அதிர்வு தாங்கியின் குற்றம். எம்.ஜி.பி.யில் உள்ளது எண்ணெய் நிரப்பிய பழைய நெம்புகோல் வகை. வண்டியின் ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விட்டால் அது ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். எனினும் இச்சோதனை எப்போதும் உண்மை சொல்லாது. இறுகிப்போன புஷ்கள் கெட்ட தாங்கியையும் நல்லது போலக் காட்டிவிடும். பின்பக்கத்துத் தாங்கியின் இணைப்பைக் கழற்றி, அதன் கையை மேலும் கீழும் மெதுவாக அசைத்துப் பார்ப்பதே மேலானது. முழு அசைவிலும் ஒரே அளவான தடை இருக்க வேண்டும். இடையிலே கை வெறிதே நழுவினால் எண்ணெய் குறைந்துவிட்டது. எண்ணெய் விடுமுன் மூடியைச் சுற்றிலும் நன்றாகத் துடைக்க வேண்டும். உள்ளே விழும் ஒரு சிட்டிகை மண் அதைக் கொன்றுவிடும். முன்பக்கத்திலோ தாங்கியின் கையே சக்கரத்தின் மேற்பிடி. அதன் அச்சுத் தேய்ந்தால் குதிப்பது மட்டுமன்றிச் சக்கரமே சாய்ந்து நிற்கும்.

பின்பக்கம் தாமதித்துத் திரும்பும் நோய்க்கு இடம் பட்டை ஸ்பிரிங். பின்அச்சை அதன் இடத்திற் பிடித்து வைத்திருப்பது இப்பட்டைகளே. அவற்றின் முனைகளிலுள்ள இறப்பர் புஷ்கள் தேய்ந்தாலோ, அச்சைப் பட்டையோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்தாலோ, அச்சு தன் விருப்பப்படி அசையும். ஆளில்லாத நேரான இடத்தில் மெதுவாக ஓட்டி, எரிபொருள் மிதியை அழுத்தியும் விட்டும் பார்க்க வேண்டும். அழுத்தும்போது ஒரு பக்கமும் விடும்போது மறுபக்கமும் வண்டியின் மூக்குத் திரும்புமாயின், பின்அச்சு ஸ்டியரிங் வேலையைத் தானும் செய்கிறது என்பது தெளிவு. அதோடு ‘டொக்’ என்ற ஓசையும் கேட்டு, வண்டிக்குக் கம்பிச் சக்கரமும் இருந்தால், பிறேக்கை அழுத்தச் சொல்லிச் சக்கரத்தைச் சுழற்ற முயல வேண்டும். அது சிறிதளவேனும் சுழன்றால், சக்கரத்தை அச்சோடு இணைக்கும் பற்கள் தேய்ந்துவிட்டன. அப்பற்கள் முற்றும் தேய்ந்த நாளில் அச்சக்கரத்துக்கு ஓட்டமும் இல்லை, பிறேக்கும் இல்லை.

பழைய புஷ்ஷை மாற்றுவோர் ஒரு நுட்பத்தை மறக்கலாகாது. உலோக உறைக்குள் இறப்பர் பிணைந்த புஷ்களுக்கு, வண்டி தன் சக்கரங்களின் மேல் நிற்கும்போதே இறுதி முறுக்கை இட வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால், வண்டியை இறக்கியவுடன் இறப்பர் முறுகி, புதிய புஷ்ஷும் விரைவில் கிழிந்துபோகும்.

இவை எல்லாவற்றுக்கும் முந்தியதாகச் செய்யவேண்டிய ஒரு சோதனையும் உண்டு. இவ்வண்டிக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலே எலும்பு. பட்டை ஸ்பிரிங் பூட்டப்படும் இடமும் கதவின் கீழுள்ள பெட்டிப் பகுதியும் துருப்பிடித்திருந்தால், மற்றைய திருத்தங்கள் யாவும் மணல்மேற் கட்டிய வீடே. கடற்கரை ஊர்களிலே பல்லாண்டு நின்ற வண்டியை வாங்குவோர், பளபளக்கும் சாயத்தைப் பாராமல், வண்டியின் கீழே விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். சிறு சுத்தியலாற் தட்டும்போது நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். உளுத்த இரும்பு மந்தமாக ஒலிக்கும்.

இறுதியாகச் செய்வதே சக்கரங்களின் நேர்மையை அளப்பது. முன்சக்கரங்கள் முன்புறம் சற்றே உள்நோக்கி இருத்தல் வேண்டும். இவ்வண்டிக்கு அந்த அளவு சுமார் 1.5 முதல் 2.4 மில்லிமீட்டர். சமமான சீமெந்துத் தரையும், இரு பக்கமும் இழுத்துக் கட்டிய நூலும், பொறுமையும் இருந்தால் கிராமத்திலும் இதை அளக்கலாம். மூட்டுகள் ஆடும்போது அளந்தால் அளவு நிலையாது; ஆதலின் இது இறுதி வேலையாகிறது.

ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்ற வேண்டும். மாற்றியதையும் அதனால் விளைந்ததையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். ஒரே நாளில் ஐந்து பாகங்களை மாற்றியவருக்கு நோய் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பது தெரியாது. மீண்டும் வந்தால் மறுபடி ஐந்தையும் வாங்குவார். நோயையும் அதன் முதலையும் நாடும்படி மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த ஒழுங்கு கராஜிலும் பொருந்துவதே.

முதலிற் கண்ட அந்தச் சாரதி இம்முறையைக் கையாண்டிருப்பின், இழுப்புக்கு விடாத பிறேக்கும், தாமதத்துக்குத் தளர்ந்த போல்ட்டுகளும், குதிப்புக்குக் குறைந்த எண்ணெயும் காரணமென அறிந்திருக்கலாம். மூன்றும் இரண்டு நாள் வேலை. அதன்பின் அவ்வண்டி மாத்தளைக்குப் போகும் வழியில் தன் கோட்டிலேயே செல்லும். பாதையோரம் நடக்கும் பிள்ளை, வண்டியின் ஓசை கேட்டு அஞ்சி விலக வேண்டியதில்லை. பழைய வண்டியை வைத்திருப்பவர் தம் அழகுக்காக மட்டுமன்றி, அந்தப் பிள்ளைக்காகவும் அதைப் பேணக் கடமைப்பட்டவர்.