வீட்டில் கட்டிய விமானம்: கடைசிக் கட்ட வேலைகள்
(நமது குடியிருப்பின் மூத்த குடிமக்கள் சந்திப்பில் ஆற்றிய உரை)

போன முறை வருமான வரி பற்றிப் பேசியவனை இந்த முறை உங்கள் விருப்பம் போலப் பேசுங்கள் என்று செயலாளர் சொல்லிவிட்டார். நான் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன், படித்தது பி.காம். விமானம் ஓட்டத் தெரியாது. ஆனால் வீட்டு காரேஜில் விமானம் கட்டுகிற அமெரிக்கர்களைப் பற்றிப் பல வருடங்களாக ஆசையாகப் படித்து வருகிறேன்.

நம் நாட்டிலும் உண்டு. மும்பை காந்திவலியில் அமோல் யாதவ் என்ற விமானி, குடியிருப்புக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டி, 2016-ல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைத்தார். நம் மாடியில் வடாம் காயப்போடவே அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது!

அமெரிக்காவில் இந்த விமானத்தின் பெரும்பகுதி வேலையை, அதாவது 51 சதவீதத்தை, ஆர்வலர்களே செய்திருக்க வேண்டும் என்பது விதி. கட்டுபவர்களிடம் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு: "தொண்ணூறு சதவீதம் முடிந்தது, இன்னும் தொண்ணூறு சதவீதம்தான் பாக்கி." கணக்குப் படித்தவனுக்கு இது உதைக்கும். ஆனால் உண்மை அதுதான்.

முதலில் எடை. மூன்று சக்கரத்துக்கும் அடியில் தனித்தனித் தராசு. உதாரணமாக, பின் சக்கரங்களில் தலா 200 கிலோ, முன் சக்கரத்தில் 100. மொத்தம் 500. முன்பக்கம் ஒரு புள்ளியிலிருந்து பின் சக்கரங்கள் 2.2 மீட்டர், முன் சக்கரம் 0.8 மீட்டர் என்று வையுங்கள். எடையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் 960. அதை 500-ஆல் வகுத்தால் 1.92 மீட்டர். அங்கேதான் எடையின் மையம். நம் ட்ரையல் பேலன்ஸ் மாதிரிதான். இங்கே டேலி ஆகாவிட்டால் ஆள் விழுந்துவிடுவார். மையம் ரொம்பப் பின்னால் போனால், மூக்கு தூக்கிக்கொண்டு கட்டுப்பாடு போய்விடும்.

பெயின்ட் கூட அழகுக்கு மட்டும் இல்லை. அதற்கும் எடை உண்டு. வாலிலும் இறக்கையிலும் அசைகிற தட்டுகளுக்குப் பெயின்ட் அடித்த பிறகு, அவற்றின் சமநிலையை மறுபடி பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் படபடவென்று உதறி, சில நொடிகளில் பிய்த்துக்கொண்டு போகக்கூடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அடுத்த விஷயம். 'கன்ட்ரி ரோட்ஸ்' பாடிய ஜான் டென்வரை உங்களில் சிலருக்குத் தெரியும். 1997 அக்டோபர் 12 அன்று, கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் விமானம் விழுந்து இறந்தார். அது 'லாங்-ஈசி' என்ற, வீட்டில் கட்டும் வகை. வேறொருவர் கட்டியதை இவர் வாங்கியிருந்தார். பர்ட் ரூட்டனின் வரைபடப்படி, பெட்ரோல் டேங்க் மாற்றும் வால்வு பைலட்டின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டேங்க் என்று எழுதியும் வைக்கவில்லை. எரிபொருள் அளவு பார்ப்பதற்கு மெக்கானிக் ஒரு சின்னக் கண்ணாடி கொடுத்தார்.

டென்வர் 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவஸ்தர். ஆனால் பின்பக்கம் திரும்பி அந்த வால்வை எட்டும்போது, வலது கால் தானாகவே பெடலை அழுத்தும். விமானம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று விசாரணைக் குழு சொன்னது. நாலு எழுத்து எழுதி ஒட்டுவதும் விமானம் கட்டுகிற வேலைதான். நம் பம்ப் ரூமில் எந்த வால்வு சம்புக்கு, எது ஓவர்ஹெட் டேங்குக்கு என்று பிளம்பரைத் தவிர யாருக்காவது தெரியுமா? கமிட்டி கவனிக்கட்டும்.

பிறகு ஆய்வாளர் வருவார். எல்லா மூடிகளையும் கழற்றி வைத்துக் காட்ட வேண்டும். கதவருகே இரண்டு அங்குல எழுத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று எழுதியிருக்க வேண்டும். வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்பட்டதல்ல என்ற எச்சரிக்கையும் பயணியின் கண்ணில் படவேண்டும். அதற்கும் மேல், பொதுவாக முதல் 25 அல்லது 40 மணி நேரம் சோதனைப் பறப்பு. சும்மா கூட உட்கார்ந்து போக யாரையும் ஏற்றக் கூடாது. மனைவியே கேட்டாலும் கிடையாது.

கேள்வி இருந்தால் கேளுங்கள். ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள்.