கையெழுத்தும் நாணயமும்



தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. சட்டைப்பையில் கிடக்கும் காசும் நாணயம். சொன்ன சொல்லில் நிற்பதும் நாணயம். "அவர் நாணயமான மனிதர்" என்று கடைவீதியில் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டால், அதற்குமேல் அவருக்கு வேறு ஜாமீன் தேவையில்லை. காசின்மேல் பொறித்த முத்திரையை நம்பித்தான் நாம் அதைக் கைமாற்றிக்கொள்கிறோம். முத்திரை பொய்யானால் அது வெறும் உலோகத் துண்டு. மனிதனுடைய சொல்லும் அத்தகையதே.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை போற்றும்போது, அவர்களுடைய செல்வத்தை மட்டுமா போற்றுகிறது? வாங்குவதிலும் விற்பதிலும் நடுநிலை வழுவாதவர்கள் என்றும் பாராட்டுகிறது. அந்நாளில் வாங்குகிறவனும் விற்கிறவனும் எதிரெதிரே நின்றார்கள். நடுவே தராசு இருந்தது. அதன் முள் எங்கே நிற்கிறது என்பதை இருவரும் கண்ணால் காண முடிந்தது. இக்காலத்தில் அப்படியில்லை. சேலத்தில் ஓர் ஆசிரியை தம் சேமிப்பைப் பங்குகளில் போடுகிறார். அந்தக் கம்பெனியோ ஐதராபாத்தில் இருக்கிறது. அவர் கம்பெனியைப் பார்த்ததில்லை. கம்பெனி அவரைப் பார்த்ததில்லை. இருவருக்கும் இடையே இருப்பது ஒரு தாள். அதன் அடியில் சில கையெழுத்துகள். தராசு இன்று தாளாகிவிட்டது. முள் இருந்த இடத்தில் கையெழுத்து வந்து நிற்கிறது. ஆகவே, தொழிலிலும் உத்தியோகத்திலும் அறம் என்பது பெரும்பாலும் இந்தக் கையெழுத்தைப் பற்றிய கேள்விதான். நம் கையைக் கடந்துசெல்லும் தாளுக்கு நாம் எவ்வளவு பொறுப்பு? நம் நாட்டில் நடந்த மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாவது, 1957ஆம் ஆண்டில் நடந்தது. அதற்கு முந்திய ஆண்டு செப்டம்பர் முதல் தேதியன்று, 245 இன்ஷூரன்ஸ் நிறுவனங்களும் பிராவிடண்டு சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் உருவாயிற்று. சாதாரணக் குடும்பங்கள் மாதந்தோறும் மிச்சம் பிடித்துக் கட்டிய பிரீமியம் அதன் கையில் இருந்தது. 1957 ஜூன் மாதத்தில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் ஆறு கம்பெனிகளின் பங்குகளை, ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்குக் கார்ப்பொரேஷன் வாங்கியது. இத்தகைய முதலீடுகளைப் பரிசீலிப்பதற்கென்றே ஒரு கமிட்டி இருந்தும், அதனைக் கலந்துகொள்ளவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் பெரோஸ் காந்தி லோக சபையில் இதனை எழுப்பினார். பம்பாய் ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி எம். சி. சாக்ளா விசாரணைக்கு நியமிக்கப்பட்டார். பொதுமக்கள் முன்னிலையில் சாட்சியங்களைக் கேட்டு, சில வாரங்களிலேயே, 1958 பிப்ரவரியில் தம் அறிக்கையை அளித்தார்.

அந்த விசாரணையில் வெளிப்பட்ட செய்தி ஒன்று உத்தியோகஸ்தர் அனைவரும் சிந்திக்கத்தக்கது. கார்ப்பொரேஷன் அதிகாரிகள், நிதி இலாகாச் செயலாளரின் யோசனைப்படி வாங்கினோம் என்றார்கள். செயலாளர், அமைச்சரின் சம்மதம் உண்டு என்றார். அமைச்சர், தாம் சம்மதம் அளிக்கவில்லை என்றார். பொறுப்பு என்னும் பந்து ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் சென்றுகொண்டேயிருந்தது. எந்தக் கையிலும் அது தங்கவில்லை. தன்னாட்சி பெற்ற நிறுவனத்தினர் தம் சொந்த அறிவைக்கொண்டு முடிவெடுத்திருக்க வேண்டும் என்றும், செயலாளரின் செயலுக்கு அமைச்சர் பொறுப்பேற்றே தீர வேண்டும் என்றும் சாக்ளா தீர்ப்பளித்தார். நிதியமைச்சராக இருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். மேலே இருப்பவர் சொன்னார் என்பது கீழே இருப்பவருக்குக் கேடயமாகாது. கீழே இருப்பவர் செய்தார் என்பது மேலே இருப்பவருக்குக் கேடயமாகாது. இதுவே அந்நிகழ்ச்சி கற்பித்த பாடம்.

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் இதையொட்டிய ஒரு விதி இருக்கிறது. நம்மில் பலர் அதனைப் படித்திருந்தும் நினைவில் வைத்திருப்பதில்லை. மேலதிகாரியின் கட்டளை சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாகக் கட்டளையிட நேர்ந்தால், கூடிய விரைவில் அதனை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். வாய்மொழிக் கட்டளை பெற்ற ஊழியர் அந்த உறுதியைக் கேட்டுப் பெற வேண்டும். கேட்டால் தரவேண்டியது அதிகாரியின் கடமை. அப்படிக் கேட்பது அடங்காமை அன்று. விதியே கேட்கச் சொல்கிறது. அஞ்சுகிறவருக்கு விதி தந்திருக்கும் ஊன்றுகோல் அது.

இரண்டாவது நிகழ்ச்சி தனியார் தொழிலைச் சேர்ந்தது. ஐதராபாத்தில் சத்யம் என்னும் கணிப்பொறி மென்பொருள் நிறுவனம் பெரும் புகழோடு விளங்கிற்று. 2009 ஜனவரி 7ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு தம் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கையிருப்பாகவும் பாங்கு இருப்பாகவும் கணக்கில் காட்டியிருக்கும் தொகையில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் பங்கின் விலை முக்கால் பங்குக்கு மேல் வீழ்ந்தது. உண்மை இலாபத்துக்கும் ஏட்டில் காட்டிய இலாபத்துக்கும் தொடக்கத்தில் இருந்தது சிறு இடைவெளியே என்றும், ஆண்டுகள் செல்லச் செல்ல அது கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டது என்றும் அவர் எழுதியிருந்தார். புலியின்மேல் ஏறியவன் இறங்க வழியறியாத நிலையைத் தம் நிலைக்கு உவமையாகவும் காட்டினார். புலிவால் பிடித்தவன் கதை நமக்குப் புதிதன்று.

நாம் கவனிக்க வேண்டியது தலைவர் ஒருவரை மட்டும் அன்று. ஆண்டுதோறும் அந்தக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்திட்ட ஆடிட்டர்கள் இருந்தார்கள். பாங்கில் பணம் இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள வழி ஒன்றே: பாங்குக்கு நேராக எழுதி, நேராகப் பதில் பெறுதல். அமெரிக்க ஒழுங்காட்சி அமைப்புகள் இரண்டு இதனை விசாரித்தன. பாங்கிடமிருந்து பெறவேண்டிய சான்றுகளைத் தணிக்கையாளர்கள் முறைப்படி தம் பொறுப்பில் வைத்துப் பெறவில்லை என்று கண்டு, 2011இல் மொத்தம் 75 இலட்சம் டாலர் அபராதம் விதித்தன. எவனைச் சோதிக்க வேண்டுமோ அவனிடமே சான்றை வாங்கிக்கொண்டால் அது சோதனையாகுமா?

2015 ஏப்ரலில் ஐதராபாத் தனி நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனக் கண்டு, ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டின்பேரில் அடுத்த மாதமே அத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. அந்தப் பத்துப் பேரில் நிதிப்பிரிவில் மேலாளராகவும் உதவி மேலாளராகவும் இருந்தவர்களும் உண்டு. நான் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன், சொன்னதை எழுதினேன் என்ற சமாதானம் குற்றவாளிக் கூண்டுக்கு வெளியே ஒருவனை நிறுத்தி வைக்காது. அந்நிறுவனத்தில் நேர்மையாக உழைத்த ஆயிரமாயிரம் இளைஞர்கள், தாம் செய்யாத பிழைக்காக, அடுத்த மாதச் சம்பளம் வருமோ வராதோ என்று அஞ்சிக் காத்திருந்ததையும் மறக்கலாகாது. அரசு புதிய இயக்குநர் குழுவை அமைத்து, வேறொரு நிறுவனம் அதனை ஏற்ற பிறகே அந்த அச்சம் தணிந்தது.

மூன்றாவது நிகழ்ச்சியைச் சொல்வதற்கு மனம் கனக்கிறது. சத்யேந்திர துபே என்பவர் பீகாரைச் சேர்ந்தவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற எஞ்ஜினீயர். நான்கு பெருநகரங்களை இணைக்கும் தங்க நாற்கரச் சாலைப் பணியில் அமர்த்தப்பட்டிருந்தார். வேலையின் தரம் குறைவதையும், ஒப்பந்தம் பெற்றவர்கள் அதனைத் தகுதியற்ற சிறு ஒப்பந்தக்காரர்களுக்குக் கைமாற்றிவிடுவதையும் கண்டார். 2002 நவம்பரில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தம் பெயரை வெளியிடலாகாது என்று அதிலேயே வேண்டிக்கொண்டார். ஆனால், அந்தக் கடிதம் பெயரோடு மேசைக்கு மேசை சென்றது. 2003 நவம்பர் 27ஆம் தேதி விடியற்காலையில் கயா நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அது வழிப்பறிக்காரர்களின் செயல் என்று சி.பி.ஐ. கூறிற்று, 2010இல் மூவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

கொலைக்கும் கடிதத்துக்கும் தொடர்பு உண்டா என்ற விவாதத்தில் நான் புகவில்லை. தம் பெயரைக் காக்குமாறு ஒருவர் வேண்டினார். அந்தப் பெயர் காக்கப்படவில்லை. இவ்வளவு போதும். கடிதம் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குச் சென்றதோ, ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் 'தக்க நடவடிக்கைக்காக' என்று எழுதிக் கையெழுத்திட்டிருப்பார். வழக்கமான வேலை, விதிக்கு முரணாக ஒன்றும் தோன்றியிராது. படிக்காமல் இடும் கையெழுத்து பொய்க் கையெழுத்து அன்று என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் அதன் விளைவு சில வேளை பொய்க் கையெழுத்தைவிடக் கொடியதாகிவிடுகிறது. கண்ணகியின் கணவனைக் கொன்றதும் ஆராயாமல் இட்ட ஆணைதானே?

இந்நிகழ்ச்சிக்குப் பின்னர், 2004 ஏப்ரலில் மத்திய அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. பொது நலன் கருதி ஊழலைத் தெரிவிப்பவர் மத்திய கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம். அவர் பெயரை வெளிவிடாமல் காப்பது ஆணையத்தின் கடமை. கடிதத்தை மூடி ஒட்டிய உறையில் வைத்து, பொது நல வெளிப்பாட்டின் கீழ் அனுப்பும் புகார் என்று உறைமேல் குறிக்க வேண்டும். அனுப்புகிறவர் பெயர் உறைமேல் இருத்தல் கூடாது, உள்ளே இருக்க வேண்டும். பெயரே இல்லாத மொட்டைக் கடிதத்தை இம்முறையில் ஏற்பதில்லை. அந்த ஆணையம் 1964இல் தோன்றியது. அதற்கு வித்திட்ட கமிட்டியின் தலைவர் மன்னார்குடியில் பிறந்த க. சந்தானம் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனிகளில், ஊழியர் அச்சமின்றி முறையிட ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமும் விதிக்கிறது. புகார் செய்வோரைக் காக்க 2014இல் தனிச் சட்டமும் நிறைவேறியது. ஆனால் நிறைவேறிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரும் அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. சட்டப் புத்தகத்தில் உள்ள குடை மழையில் நனைகிறவனுக்கு உதவாது.

நேயர்களே, இப்பேச்சைக் கேட்கும் பலர் என்னைப்போல் தமிழகத்துக்கு வெளியே உத்தியோகம் பார்ப்பவர்கள். தில்லி கரோல் பாகிலும், மும்பை மாதுங்காவிலும், கல்கத்தா லேக் மார்க்கெட்டிலும் நமக்கு முன்னே குடியேறிய குமாஸ்தாக்களும் டைப்பிஸ்டுகளும் கணக்கர்களும் ஒரு நற்பெயரைத் தேடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 'மதராஸி எழுதிய கணக்கா? கூட்டிப் பார்க்க வேண்டாம்' என்ற நம்பிக்கையே அது. வீடு வாடகைக்குக் கிடைத்ததும், வேலை கிடைத்ததும் பலருக்கு அந்த நம்பிக்கையினால்தான். அது நமக்குக் கிடைத்த பிதுரார்ஜிதம். செலவழித்துத் தீர்க்கும் உரிமை நமக்கு இல்லை.

அதே வேளையில், வெளிமாநிலத்தில் வாழ்வோருக்கென்றே ஓர் அச்சமும் உண்டு. ஊர் தொலைவில் இருக்கிறது. உறவினர் பக்கத்தில் இல்லை. வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும், பிள்ளையின் படிப்பு நடுவில் நிற்கும். 'நமக்கேன் வம்பு?' என்ற சொல் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல். அந்த அச்சத்தை நான் இகழவில்லை. அது பொறுப்புள்ள குடும்பஸ்தனின் அச்சம். எல்லோரும் துபேயைப்போல் இருக்க வேண்டும் என்று மின்விசிறியின் கீழ் அமர்ந்து உபதேசம் செய்வதும் எளிது. ஆனால் வீரத்துக்கும் உடந்தைக்கும் நடுவே அகன்ற நிலம் ஒன்று இருக்கிறது. அங்கே நாம் ஒவ்வொருவரும் நிற்கலாம்.

படிக்காத தாளில் கையெழுத்திடாமல் இருக்கலாம். கணிப்பொறியின் கடவுச்சொல்லை அவசரத்துக்கென்று அடுத்தவரிடம் கொடுக்காமல் இருக்கலாம், அதுவும் கையெழுத்தே. ஏறாத வாடகைக் காருக்குப் பயணப்படி எழுதாமல் இருக்கலாம். தவறு எனத் தோன்றுவதைக் கூட்டத்தில் எதிர்க்கத் துணிவில்லையாயின், கோப்பில் அடக்கமாக ஒரு வரி எழுதி வைக்கலாம். புகார் சொன்னவர் பெயரைச் சிற்றுண்டிச் சாலையில் பேசாமல் இருக்கலாம். மேலதிகாரியாக இருப்பவர், கெட்ட செய்தி கொண்டுவரும் இளையவரை உட்காரச் சொல்லிக் கேட்கலாம். இவற்றுள் எதற்கும் வீரம் வேண்டியதில்லை. கவனமும் சிறிது பிடிவாதமும் போதும்.

என் தொழில் மொழிபெயர்ப்பு. எச்சரிக்கைப் பலகையில் 'தொடக்கூடாது' என்று இருப்பதைத் 'தொடாமல் இருப்பது நலம்' என்று பெயர்த்தால், அதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை; எவரும் என்னைக் கண்டிக்கமாட்டார்கள். ஆனால் எங்கோ ஒரு தொழிற்சாலையில், நான் கண்டிராத ஒருவனுடைய விரல் போய்விடும். அவனுக்கு என் பெயர் தெரியாது. எனக்கு அவன் பெயர் தெரியாது. எங்கள் இருவருக்கும் இடையே உள்ள உறவு அந்த ஒரு சொல்தான். ஒவ்வொரு தொழிலிலும் இப்படி ஒரு கண் காணாத மனிதன் இருக்கிறான். கணக்கனுக்குச் சேலத்து ஆசிரியை. எஞ்ஜினீயருக்கு அந்தப் பாலத்தின்மேல் இரவில் பஸ் ஓட்டிச் செல்பவன். மருந்துக் கடைக்காரருக்குச் சீட்டைப் படிக்கத் தெரியாத பாட்டி. கையெழுத்திடும்போது அந்த மனிதனை ஒரு கணம் எதிரே நிறுத்திப் பார்ப்பதே நாணயம்.