நாட்பட்ட மனச்சோர்வு
(மாக் மண்டின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பால்மரக் காட்டைவிட்டு மாக் மண்டின் ஆலைகளுக்கு வந்த நம்மிடையே, ஒழுங்காக வேலைக்குப் போய்வந்தும் வருடக்கணக்கில் சிரிப்பின்றி, தூக்கமின்றி வாடுவோர் உண்டு. "அவன் குணமே அப்படி" என்று நாம் விட்டுவிடுகிறோம். இரண்டு வருடம் நீடித்தால் அதை நாட்பட்ட மனச்சோர்வு நோய் என்கிறார்கள் டாக்டர்கள். பேச்சு வைத்தியமும் மருந்தும் உண்டு. மருந்து பலன்தரச் சில வாரங்கள் பிடிக்கும். டாக்டரைக் கேளாமல் நிறுத்தக்கூடாது. சம்சு சோர்வைக் கூட்டவே செய்யும்.

உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது 2023 முதல் இந்நாட்டில் குற்றமல்ல. ஆகவே, அஞ்சாமல் அரசாங்க கிளினிக்கில் மனம்திறந்து சொல்லுவோம். 15555 என்ற எண்ணிலும் பேசலாம்.

கை முறிந்தால் மருத்துவ லீவு கேட்கிறோமே, மனம் முறிந்தால் மறைப்பானேன்?