பல அச்சுக் கடைசல் யந்திரமும் நம் இளைஞரும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



கணினியால் இயங்கும் பல அச்சுக் கடைசல் யந்திரத்தைப் பற்றிச் சில கூறுமாறு எம்மைப் பணித்திருக்கிறீர்கள். நம்மவருள் கடைசல் பட்டறை நடத்துவோரும் அவற்றில் உழைத்து ஜீவிப்போரும் பலர். ஆதலின் இது நம் வீட்டு அடுப்பைத் தொடும் விஷயமாகும். "இனி யந்திரமே யாவும் செய்துவிடும், பொத்தானை அழுத்த ஒரு பையன் போதும், தொழில் பயில்வானேன்?" என்று நம்மவர் பேசக் கேட்டிருக்கின்றோம். அவ்வெண்ணம் பிழையென்று காட்டுவதே எமது நோக்கம்.

முதற்கண் சிறிது வரலாறு. 1800-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே என்பார், உளியைக் கையாற் பிடியாது ஒரு தாங்கியிற் பொருத்தி, திருகினால் அதனை நகர்த்தி, ஒரே அளவான மரைகளை வெட்டினார். அன்று உளி தொழிலாளியின் கையினின்றும் நீங்கிற்று. அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பார் ஹெலிகாப்டர் இறகுகளின் பொருட்டுத் தொடங்கிய முயற்சியின் பயனாக, 1952-ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், துளையிட்ட காகித நாடாவினின்றும் எண்களைப் படித்து மூன்று அச்சுகளில் இயங்கும் மில்லிங் யந்திரத்தை உலகிற்குக் காட்டினர். அன்று கைப்பிடிச் சக்கரமும் கையினின்றும் நீங்கிற்று. பின்னர் நாடாவின் இடத்தைக் கணினி கொண்டது.

சாதாரண லேத்தில் உளிக்கு இரண்டு வழிகளே உண்டு: ஜாபின் நீளத்தோடு செல்வது ஒன்று, அதன் மையத்தை நோக்கிச் செல்வது மற்றொன்று. பல அச்சு யந்திரத்திலோ, சுழலும் ஸ்பிண்டிலை விரும்பிய கோணத்தில் நிறுத்தலாம், உளியை மையத்தினின்றும் மேலும் கீழும் விலக்கலாம், சாய்க்கவும் செய்யலாம். உளியிருக்கும் இடத்திலேயே சுழலும் டிரில்லைப் பொருத்திப் பக்கத்துளை இடலாம். எதிரே நிற்கும் இரண்டாவது ஸ்பிண்டில், முன்புறம் முடிந்த ஜாபைப் பற்றிக்கொள்ள, பின்புறமும் அங்கேயே முடிகின்றது.

இதனால் யாது பயன்? ஜாபைச் சக்கிலிருந்து கழற்றி மீண்டும் மாட்டுந்தோறும் மையம் சிறிது பிசகும். நான்கு யந்திரங்களில் நான்கு முறை மாட்டினால் நான்கு பிசகுகள் சேரும். ஒரே பிடியில் முடிப்பின் அப்பிசகுகள் பெரும்பாலும் இல்லை. முறிந்த எலும்பைப் பிணைக்கும் சிறு திருகுகளை ஒரே யந்திரத்தில் மரையும் தலையும் குழியுமாக முடித்தெடுக்க இயல்வது இம்முறையாலேயாம்.

இத்துணைச் சிறப்புடைய யந்திரத்திற்கு அறிவுண்டோ எனின், இல்லை. அது சொன்னதைச் செய்யும். சொல்ல நினைத்ததைச் செய்யாது.

யாம் நேரிற் கண்ட ஒன்றைக் கூறுகின்றோம். பட்டறையின் பெயர் வேண்டுவதில்லை. ஓர் இளைஞர் 50 மில்லிமீட்டர் விட்டத்தைக் குறிக்க 50 என்று எழுதி, அதன்பின் தசமப் புள்ளியை இடாது விட்டார். அவ்வகை யந்திரம் புள்ளியில்லாத எண்ணை மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கணக்கிடும். ஆகவே விட்டம் 0.05 மில்லிமீட்டர் என்று கொண்டு, உளி முழுவேகத்தில் சுழலும் ஜாபின் நடுவே பாய்ந்தது. உளி சிதறிற்று, ஸ்பிண்டில் பழுதுற்றது, இளைஞர் வேலையை இழந்தார். அவருக்குச் சில நாட் பயிற்சியே அளிக்கப்பட்டிருந்தது. ஓசையைக் கேட்டே உளி மழுங்கியதை உரைக்கவல்ல முதிய டர்னர் ஒருவர், "இனித் தேவையில்லை" என்று அதே பட்டறையினின்றும் முன்னரே அனுப்பப்பட்டிருந்தார். குற்றம் இளைஞருடையது மட்டுமோ? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. நிமிஷத்திற்கு 150 மீட்டர் வெட்டு வேகம் வேண்டின், 50 மில்லிமீட்டர் விட்டத்தில் ஸ்பிண்டில் ஏறக்குறைய 955 சுற்றுகள் சுழலவேண்டும்; 10 மில்லிமீட்டரில் 4,775 சுற்றுகள். உளி மையத்தை நெருங்க நெருங்க யந்திரம் தானே வேகத்தைக் கூட்டிக்கொண்டே செல்லும். உச்ச வேகத்திற்கு வரம்பிட மறந்தால், சக்கின் பிடி தளர்ந்து ஜாப் வெளியே பாயவும் கூடும். இது பணநஷ்டம் அன்று; உயிர்நஷ்டம்.

வெப்பத்தையும் கூறவேண்டும். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகு 10 டிகிரி சூடேறின் ஏறக்குறைய 12 மைக்ரான் நீளும். சூட்டோடு அளந்து சரியென்றது, ஆறியபின் குறைந்து நிற்கும். மைக்ரோமீட்டரைப் பிடித்துப் பழகியவனே இதனை அறிவான்.

ஆகவே, திறமை ஒழிந்துவிடவில்லை. கையிலிருந்தது கருத்திற்கு இடம் மாறியிருக்கின்றது. முன்பு வெட்டும்போது செலுத்திய கவனத்தை இப்போது வெட்டுவதற்கு முன்னரே செலுத்தவேண்டும், அவ்வளவே.

முடிவாக மூன்று விண்ணப்பங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளை, ஆணாயினும் பெண்ணாயினும், முதலில் கை லேத்தில் ஓராண்டேனும் பழகவிட்டுப் பின்னர்க் கணினி யந்திரத்தில் நிறுத்துங்கள். கணிதத்தைக் கைவிடச் செய்யாதீர்கள். பட்டறை முதலாளிகளே, முதியவரை அனுப்பிவிட்டு இளையவரை அமர்த்தாதீர்கள். இருவரையும் ஒரே யந்திரத்தின் அருகே நிறுத்துங்கள். முதியவர் உலோகத்தைக் கற்பிப்பார். இளையவர் எண்ணைக் கற்பிப்பார். சங்கத்தாரே, கல்வி நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு, அளவுக்கருவிகளுடன் ஒரு மாலை வகுப்பேனும் தொடங்குங்கள்.

பொத்தானை அழுத்துவோன் எவனும் பெயர்க்கப்படுவான். அழுத்தினால் என்ன நிகழும் என்று முன்னமே அறிந்தவனை எவரும் பெயர்க்கத் துணியார். நம் இளைஞர் பின்னவராக விளங்குக.