பருவுக்குப் பாதரசம் மருந்தல்ல
(மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

முகப்பரு அழுக்காலோ உடம்புச் சூட்டாலோ வருவதல்ல. பருவ வயதில் எண்ணெய் அதிகம் சுரந்து தோலின் துவாரங்கள் அடைபடுவதால் வருகிறது. கொழுந்துக் கூடைக் கயிறு நெற்றியில் உராய்ந்தால் கூடும். கயிற்றுக்கடியில் சுத்தமான பருத்தித் துணி வையுங்கள். நாளைக்கு இரண்டு தடவை முகம் கழுவினால் போதும். கிள்ளாதீர்கள்.

சம்பளத்தன்று டவுனில் வாங்கும் லேபல் இல்லாத வெள்ளையாக்கும் கிரீமில் பாதரசம் இருக்கலாம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும். பாதரச அழகுசாதனங்களை 2025க்குள் முற்றாக நிறுத்த மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் முடிவெடுத்தன. ஸ்டீரொய்ட் கிரீமோ முதலில் பருவை அமுக்கும், விட்டதும் கூட்டும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். பலன் தெரிய 6 முதல் 8 வாரமாகும். கிளினிக் போனால் பேர் போய்விடுமென்று பயந்து இருந்துவிடாதீர்கள்; தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள், பேசுவது சங்கத்தின் வேலை.