வெல்வின் தோட்ட நகரம்: நிலத்தின் மதிப்பு யாருக்கு?

(நகர நிர்வாகப் பயிற்சி வகுப்பொன்றில் நிகழ்த்திய உரை)



நகர வளர்ச்சியைப் பாடமாகப் படிக்கும் மாணவர்களும், அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளும் இங்கே கூடியிருக்கிறீர்கள். உங்கள் முன் ஓர் ஆங்கில நகரத்தின் வரலாற்றை வைக்க விரும்புகிறேன். லண்டனுக்கு வடக்கே சுமார் 20 மைல் தொலைவில், ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் அமைந்துள்ள வெல்வின் தோட்ட நகரம் அது. காலையில் லண்டனுக்கு ரயிலேறி மாலையில் வீடு திரும்புவோர் பலர் அங்கே வசிக்கின்றனர். அந்நகரின் மரங்களையும் புல்வெளிகளையும் பலரும் போற்றி எழுதியுள்ளனர். பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில், அம்மரங்கள் நிற்கும் மண் யாருடையது என்ற கேள்வியே எனக்கு முதலில் எழுகிறது.

ஹோவர்டின் கணக்கு

லண்டனில் சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றிய எபனேசர் ஹோவர்ட், 1898இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். 1902இல் அது 'நாளைய தோட்ட நகரங்கள்' என்ற தலைப்பில் மறுபதிப்பாக வந்தது. அவருடைய கணக்கு எளிமையானது. விவசாய நிலத்தை மலிவான விலைக்கு வாங்க வேண்டும். அதில் 32,000 பேர் வாழும் நகரம் எழுந்தால், நிலத்தின் மதிப்பு பன்மடங்கு உயரும். இந்த உயர்வை உண்டாக்குபவர் நிலச் சொந்தக்காரர் அல்லர், குடியேறும் மக்களே. எனவே நிலம் முழுவதும் பொதுப் பொறுப்பில் இருக்க வேண்டும். நில வாடகையிலிருந்து கடனுக்கான வட்டியும் அசலும் போக எஞ்சும் தொகை பள்ளி, பூங்கா, மருத்துவமனை, முதியோர் ஓய்வூதியம் ஆகியவற்றுக்குச் செல்ல வேண்டும். இந்த அடிப்படையில் 1903இல் லெட்ச்வொர்த் என்ற முதல் தோட்ட நகரம் தொடங்கப்பட்டது.

நகரம் எழுந்த விதம்

1919இல் ஹோவர்டுக்கு 69 வயது. பிரபு ஒருவரின் பண்ணை நிலம் ஏலத்திற்கு வந்தபோது, போதிய பணம் கையில் இல்லாமலேயே நண்பர்களிடம் முன்பணம் திரட்டி, ஏறத்தாழ 1,500 ஏக்கரை ஏலத்தில் எடுத்தார். 1920இல் நிறுவனம் பதிவாயிற்று. பங்காதாயத்திற்கு 7 சதவீதம் என வரம்பு விதிக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட உபரி நகரத்திற்கே உரியது என்று ஏற்பாடு.

நகரின் வரைபடத்தைக் கட்டடக் கலைஞர் லூயி டி சுவாசோன் வகுத்தார். ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள பார்க்வே என்ற அகன்ற பூஞ்சாலை நகரின் நடுவே செல்கிறது. செங்கல் வீடுகள், முட்டுச் சந்துகளாக முடியும் அமைதியான தெருக்கள், வெட்டப்படாமல் விடப்பட்ட ஷெரார்ட்ஸ்பார்க் காடு ஆகியவை அதன் அடையாளங்கள். நிறுவனமே 1921இல் பல்பொருள் அங்காடியைத் தொடங்கியது. 1926இல் நெவில் சேம்பர்லின் புதிய ரயில் நிலையத்தைத் திறந்து வைத்தார். அந்தக் காலத்திலேயே கோதுமை உணவுத் தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கியது. வீடு, வேலை, கடை, பூங்கா யாவும் நடந்து செல்லும் தூரத்தில் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ரயில் பாதை நகரை இரண்டாகப் பிரித்தது. மேற்கே அங்காடியும் வசதி படைத்தோரின் வீடுகளும், கிழக்கே தொழிற்சாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் அமைந்தன. லண்டனை நம்பாத தன்னிறைவு நகரம் என்ற கனவும் முழுமையாக நிறைவேறவில்லை. நல்ல ரயில் வசதியே பலரை லண்டன் வேலைக்கு இட்டுச் சென்றது. உணவுத் தொழிற்சாலை 2008இல் மூடப்பட்டது. 1963இல் திறக்கப்பட்ட பெரிய மருத்துவமனைக்கு மாற்றாக 2015இல் சிறிய மருத்துவமனை வந்தது.

உபரி எங்கே போயிற்று?

நான் வலியுறுத்த விரும்புவது இப்பகுதியையே. ஹோவர்ட் 1928இல் வெல்வினிலேயே காலமானார். 1934இல் நிறுவனத்தின் நிதி அமைப்பு திருத்தப்பட்டபோது பங்காதாய வரம்பு நீக்கப்பட்டது. உபரியின் மீது நகரத்திற்கு இருந்த உரிமை அத்துடன் போயிற்று. 1948இல், புதிய நகரங்கள் சட்டத்தின்படி, அரசு வளர்ச்சிக் கழகமொன்று பொறுப்பேற்றது. 1966இல் சொத்துகள் மத்திய ஆணையத்திற்கு மாறின. 1978இல் வாடகை வீடுகள் உள்ளூர் மன்றத்திற்குச் சென்றன. வணிகச் சொத்துகள் பின்னர் விற்பனையாயின. ஒவ்வொரு மாற்றத்திற்கும் அந்தந்த நேரத்தில் நியாயமான காரணம் இருந்திருக்கலாம். ஆனால் நிலத்தின் தொடர் வருவாய் நகர மக்களின் கையை விட்டுப் போனது.

லெட்ச்வொர்த்தில் நடந்தது வேறு. 1960இல் தனியார் நிறுவனம் ஒன்று அந்நகர நிறுவனத்தின் கட்டுப்பாட்டைப் பெற்றபோது, மக்களும் உள்ளூர் மன்றமும் எதிர்த்துப் போராடி 1962இல் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்றச் செய்தனர். நிலம் பொதுக் கழகத்திடம் வந்தது. 1995 முதல் அறக்கட்டளை ஒன்று அதை நிர்வகிக்கிறது. அதன் நில வருவாய் அந்த ஊரின் திரையரங்கு, அருங்காட்சியகம், சிகிச்சை மையம் போன்றவற்றுக்குப் பயன்படுகிறது. இரு நகரங்களுக்கும் ஒரே தந்தை, மரங்களும் ஒத்தவையே. கணக்கேடு மட்டும் வேறு.

நமக்கு உரிய பாடம்

இக்கேள்வி நமக்கு அந்நியமானதன்று. தில்லியில் 1961இல் தொடங்கிய பெருமளவு நிலக் கையகத் திட்டத்தில், மனைகள் நிரந்தரக் குத்தகைக்கு வழங்கப்பட்டன. மனை கைமாறும்போது, உழைக்காமல் உயர்ந்த மதிப்பில் பாதி குத்தகை தந்த அமைப்புக்குச் சேர வேண்டும் என்பது நிபந்தனை. ஹோவர்டின் கொள்கைக்கு நெருங்கிய ஏற்பாடு இது. நடைமுறையில், பொது அதிகாரப் பத்திரங்களின் வாயிலாக மனைகள் கைமாறின. நிபந்தனை ஏட்டளவில் நின்றது. 1992இல் குத்தகையை முழு உரிமையாக மாற்றிக்கொள்ளவும் வழி திறக்கப்பட்டது.

மற்றொரு கேள்வியும் உண்டு. ஹோவர்ட் நிலத்தை ஏலத்தில் வாங்கினார். நாம் உழவனிடமிருந்து சட்டத்தின் வலிமையால் எடுக்கிறோம். எழப்போகும் நகரத்தின் மதிப்பில் அவனுக்குப் பங்கு இல்லையெனில், பொது நலன் என்ற சொல் அவன் காதில் வெறும் ஓசையாகவே விழும். நவி மும்பையில், நிலம் இழந்தோருக்கு வளர்ச்சி பெற்ற நிலத்தில் 12.5 சதவீத அளவு திருப்பித் தரும் ஏற்பாடு பிற்காலத்தில் வந்தது, நெடிய போராட்டத்திற்குப் பிறகே.

உங்களில் பலர் நாளை ஏதோவொரு புதிய நகரின் கோப்பில் கையெழுத்திடப் போகிறீர்கள். சாலையின் அகலமும் பூங்காவின் பரப்பும் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். அவற்றோடு மூன்று வரிகளைத் தேடிப் பாருங்கள்: நிலம் யார் பெயரில் நிற்கும், 50 ஆண்டுகளுக்குப் பின் அதன் வருவாய் யாருக்குச் சேரும், அதை மாற்ற வேண்டுமானால் யாருடைய இசைவு வேண்டும். அந்த வரிகள் இல்லாத கோப்பைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.