தொண்டனும் அவன் பெயரும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



“கணினியுகத்தில் தொண்டு” என்னும் விடயம்பற்றிப் பேசும்படி காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். கணினியால் விளையும் நன்மைகளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி அமர்வேன் என்றே அவர் எண்ணியிருப்பார். ஆனால் ஒரு வருடமாக என் நெஞ்சிற் கிடந்து உறுத்தும் மனக்குறை ஒன்று உண்டு. அதனை மறைத்துக்கொண்டு தொண்டைப் பற்றிப் பேசினால் அது வெறும் அலங்காரப் பேச்சாகவே முடியும். ஆகையால், வயதிற் சிறியவனாகிய நான் சற்றுத் துணிந்து பேசுவதைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

இத்துறை புதிதாயிருக்கும் பெரியோர்களுக்காகச் சிறிது விளக்கம். கணினியை இயக்கும் மென்பொருள்களில் ஒரு பெரும்பகுதி விலைக்கு விற்கப்படுவதில்லை. அவற்றின் மூலநிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவில் றிச்சாட் ஸ்ரோல்மன் என்பவர் இத்தகைய முயற்சியொன்றைக் குனு என்ற பெயரில் அறிவித்தார். 1991இல் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ், தமது 21ஆவது வயதில், லினக்ஸ் என்பதனை வெளியிட்டார். இன்று லினக்சில் உழைப்போரிற் பெரும்பாலானோர் கம்பனிகளிடம் சம்பளம் பெறுவோரே. ஆயினும் அதனைச் சூழ்ந்து நிற்கும் எண்ணற்ற சிறு மென்பொருள்கள், பகலில் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு இரவில் விழித்திருப்போரின் கைவேலைகள்.

இது எங்கோ அந்நிய தேசத்துக் கதை என்று எண்ண வேண்டாம். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி ஆழிப்பேரலை நமது கரைகளை அழித்தபோது, காணாமற்போனோரைப் பதியவும் முகாம்களின் தேவைகளை அறியவும் இந்நாட்டு இளைஞர்களே சில கிழமைகளுக்குள் ஒரு மென்பொருளை ஆக்கினார்கள். அதன் பெயர் சகானா. அடுத்த ஆண்டு பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோது அங்கும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகநலப் பரிசை அமெரிக்காவிலுள்ள கட்டற்ற மென்பொருள் நிறுவனம் அதற்கு வழங்கியது. அதனை ஆக்கியோர் பெயர்களை நமது பாடசாலைகளில் எத்தனை பேர் அறிவர்?

இனி என் கதைக்கு வருகிறேன்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கையில் ஒரு மென்பொருட் குழுவிற் சேர்ந்தேன். அதன் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. திரையில் தோன்றும் கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் தமிழாக்குவது என் பங்கு. மொத்தம் 640 வரிகள். கேட்பதற்கு இலகுவான வேலை. ஆனால் ஆங்கிலத்தில் ஆறெழுத்திற் முடியும் கட்டளை, தமிழில் “இரத்துச் செய்க” என்று நீண்டு பொத்தானுக்கு வெளியே தலை நீட்டும். சுருக்கினால் பொருள் கெடும். யாழ்ப்பாணத்தில் விளங்கும் சொல் மதுரையில் விளங்காது. ஒரு சொல்லுக்காக ஓர் இரவு முழுவதும் அகராதி புரட்டியதுண்டு. சோதனை நெருங்கிய காலத்திலுங்கூட விடுதியில் நித்திரை விழித்து அதனை முடித்து அனுப்பினேன்.

மூன்று மாதமாக ஒரு பதிலும் இல்லை. கிடைத்தது என்றோ, பிழை என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. பின்பு ஒருநாள் புதிய பதிப்பு வெளியாயிற்று. திறந்து பார்த்தேன், என் சொற்கள் அத்தனையும் திரையில் இருந்தன. பங்காற்றியோர் பட்டியலில் என் பெயர் இல்லை. இந்த மொழிபெயர்ப்புக் கோப்பின் தலைப்பில் “இறுதியாக மொழிபெயர்த்தவர்” என்று ஓரிடம் உண்டு. ஒரேயொரு பெயரைத்தான் அது ஏற்கும். என் வேலையில் ஏறக்குறைய இருபது சொற்களை மாற்றிய வேறொருவரின் பெயர் அங்கே இருந்தது.

அன்றிரவு மூன்று பக்கத்தில் ஒரு விலகற் கடிதம் எழுதினேன். வீட்டுக்கு வந்தபோது அம்மாவிடம் முறையிட்டேன். அவர் அரிசி புடைத்தபடி, “ஏன் தம்பி, நித்திரை முழிச்சுச் செய்தது பேருக்கோ?” என்று கேட்டார். “இல்லை” என்று உடனே சொன்னேன். அது முழு உண்மையல்ல என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

பலனை எதிர்பாராது கடமையைச் செய் என்று இந்த மண்டபத்தில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அது தொண்டு செய்பவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டிய வார்த்தை. தொண்டைப் பெற்றுக்கொண்டவன், நன்றி சொல்லாதிருப்பதற்குச் சாட்டாக அதனை எடுத்து வீசலாமா? அணிற்பிள்ளையின் கதையைத் தொண்டர்களுக்கு அடிக்கடி சொல்லுகிறார்கள். அந்தக் கதையில் இராமர் அணிலைக் கண்டார், எடுத்துத் தடவினார் என்ற பகுதியையும் சேர்த்தே சொல்ல வேண்டாமா? நான் படித்த மிஷன் பாடசாலையிலும் சுகமடைந்த பத்துக் குஷ்டரோகிகளின் கதையைச் சொல்வார்கள். அங்கே திரும்பி வராத ஒன்பது பேரைப் பற்றியும் கேள்வி எழுந்தது.

காணப்படாத தொண்டனுக்கு என்ன நேரும் என்பதற்கு அண்மைக்காலத்தில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்னும் சிறு மென்பொருளை ஒருவர் பல ஆண்டுகளாகச் சம்பளமின்றிப் பராமரித்து வந்தார். உலகத்து லினக்ஸ் கணினிகளிற் பெரும்பாலானவற்றில் அது உண்டு. 2022இல் வேலை மந்தமாயிற்று என்று சிலர் அவரை நெருக்கினார்கள். தமக்கு நீண்டகால மனநலக் குறைபாடு உண்டென்றும், இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு முயற்சியென்றும் அவர் பகிரங்கமாகவே எழுதினார். அந்நேரம் உதவிக்கு வந்தவர் ஒரேயொருவர். அவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பொறுமையுடன் உழைத்து நம்பிக்கையைப் பெற்று, 2024இல் வெளியான பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவைப் பொருத்திவிட்டார். வேறொரு பொறியியலாளர், அந்திரேஸ் புரொயின்ட் என்பவர், தமது கணினிக்குள் நுழைய அரைச் செக்கன் கூடுதலாகச் செல்கிறதே என்று துருவிப் பார்த்து, அவ்வாண்டு பங்குனி 29ஆந் திகதி அதனை வெளிப்படுத்தினார். பெரும்பாலான கணினிகளுக்கு அது சென்று சேரும் முன்னரே தடுக்கப்பட்டது. களைத்துப்போன அந்த மனிதருக்கு முன்னரே உண்மையான துணை நாலுபேர் இருந்திருந்தால், கள்வனுக்கு அவ்வளவு எளிதாக இடம் கிடைத்திராது என்பது என் எண்ணம்.

இவ்வளவையும் என் விலகற் கடிதத்தில் எழுதியிருந்தேன். எழுதியவற்றுக்கு ஆதாரம் சேர்க்க வேண்டுமென்று அந்தக் கோப்பின் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்க்கத் தொடங்கினேன். ஒவ்வொரு மாற்றத்தையும் எவர், எந்நாளிற் செய்தார் என்பது அங்கே அழியாமல் இருக்கும்.

அங்கேதான் எனக்கு அடி விழுந்தது. எனக்கு முன்னே வேறொரு தமிழர் அக்கோப்பில் 230 வரிகளை மொழிபெயர்த்து வைத்திருக்கிறார். நான் 640 என்று எண்ணிப் பெருமை பேசியவற்றுள் அவையும் அடக்கம். அவர் பெயர் தலைப்பில் இருந்தது. அதனை நீக்கியது யார்? நான்தான். என் கணினியிலிருந்த செயலி, கோப்பைச் சேமிக்குந்தோறும் அவ்விடத்தில் என் பெயரைத் தானாகவே எழுதிவிட்டது. நான் அதனைக் கவனிக்கவுமில்லை. அவருக்கு ஒருவரி எழுத வேண்டுமென்று எனக்குத் தோன்றவுமில்லை.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன் என்று சொன்னால் கதை அழகாயிருக்கும். கிழிக்கவில்லை, மூன்று பக்கத்தை அரைப்பக்கமாக்கி அனுப்பினேன். மொழிபெயர்த்தோர் எல்லோருடைய பெயரும் பட்டியலில் வரவேண்டும் என்பது மாத்திரமே அதில் இருந்தது. இம்முறை பதில் வந்தது. என் வேலையை மேற்பார்த்தவரும் என்னைப்போல ஒரு தொண்டரே. பகல் வேலை முடிந்தபின் நான்கு மொழிகளைத் தனியே பார்க்கிறாராம். மன்னிப்புக் கேட்டிருந்தார். அவருக்கு அதுவரை நானும் ஒரு நன்றி சொன்னதில்லை. அடுத்த பதிப்பில் என் பெயர் வந்தது. பார்த்தபோது மகிழ்ச்சியாகவே இருந்தது.

அன்பர்களே, நமது சங்கத்தின் சென்ற ஆண்டு மலரை நேற்று எடுத்துப் புரட்டினேன். விளம்பரம் தந்த வர்த்தகர் அனைவருக்கும் நன்றி உண்டு. பத்து இரவு இருந்து அச்சுப்பிழை திருத்திய இருவரின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர்களுள் ஒருவர் இப்போதும் பின்வரிசையில் கதிரைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறார். இந்த ஆண்டு மலரில் அதற்கு அரைப்பக்கம் ஒதுக்கித்தரும்படி காரியதரிசி அவர்களை இச்சபையின் முன்னிலையிற் கேட்டுக்கொள்கிறேன்.

என் கோப்பில், தலைப்புக்கு மேலே, முதன்முதல் மொழிபெயர்த்தவரின் பெயரை எழுதுவதற்கென்றே ஒரு வரி உண்டு. பலர் அதனை வெறுமையாக விட்டுவிடுவார்கள். அங்கே அந்த 230 வரிக்காரரின் பெயரை எழுதிவிட்டு, பழைய பதிவிற் கண்ட முகவரிக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பினேன். இன்றுவரை மறுமொழி இல்லை.